சாலியாற்றில் துடுப்புப் போட்டால் காலநிலை மாறுமா?

கேரளத்தின் நிலம்பூரில் இருந்து பேப்பூர் நோக்கிச் சாலியாற்றில் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகுகள் வரிசையாகப் போகும் படம் செய்தித்தாளில் வந்தால், நீலகிரியின் கூடலூர்த் தேநீர்க் கடைகளில் இரண்டு கேள்விகள் தவறாமல் எழும். படகு ஓட்டினால் வெயில் குறைந்துவிடுமா என்பது ஒன்று. ஆற்றில் குப்பை பொறுக்குவதற்கும் காலநிலை மாற்றத்துக்கும் என்ன சம்பந்தம் என்பது மற்றொன்று. கேலியாகக் கேட்கப்பட்டாலும் இரண்டும் நியாயமான கேள்விகளே. முதலாவதற்கு விடை எளிது: குறையாது. இரண்டாவதற்கு விடை சொல்ல, மலையில் தொடங்கிக் கடல் வரை ஆற்றோடு ஒருமுறை இறங்கிப் போக வேண்டும்.

நடப்பது என்ன?

கோழிக்கோட்டுப் பக்கம் இயங்கும் ஜெல்லிஃபிஷ் வாட்டர்ஸ்போர்ட்ஸ் என்ற நீர்விளையாட்டு அமைப்பு பல ஆண்டுகளாக நடத்திவரும் பயணம் இது. மலப்புறம் மாவட்டத்து நிலம்பூரில் புறப்பட்டு, சாலியாறு கடலில் கலக்கும் பேப்பூரில் முடிகிறது. 68 கிலோமீட்டர், மூன்று நாள். இயந்திரப் படகில்லை, எல்லாம் கைத்துடுப்பு. போகிற வழியில் மிதக்கும் பிளாஸ்டிக்கை அள்ளிக்கொண்டே போகிறார்கள். ஆற்றைக் காப்பது பற்றிக் கரையோரத்தில் பேசுகிறார்கள்.

செய்திகளில் குழம்பிக் கிடக்கும் சில சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம். துடுப்பு என்பது கையிலேயே இருப்பது; படகோடு கட்டப்படாதது. தண்டு என்பது படகின் விளிம்பில் பொருத்தப்பட்டது. தண்டு வலிப்பவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்; துடுப்புப் போடுபவர் முன்னே பார்த்தபடி போவார். கயாக்கில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையிலும் தட்டையான அலகுள்ள துடுப்பை மாறி மாறிப் போட வேண்டும். கேனோவின் துடுப்புக்கு ஓர் அலகுதான். நம் தோணிக்கு அது நெருங்கிய உறவு. பலகைமேல் நின்றுகொண்டே துடுப்புப் போடுவது மூன்றாவது வகை. இந்த வேறுபாட்டை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. முன்னே பார்த்தபடி, தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, நடக்கிற வேகத்தில் போகிறவர் காண்பதைப் பாலத்தில் போகும் பஸ்ஸில் இருப்பவர் காண்பதில்லை.

உலகில் வேறு இடங்களிலும் துடுப்புக்காரர்கள் காலநிலைக்காகத் திரண்டிருக்கிறார்கள். 2014இல் பசிபிக் தீவுகளைச் சேர்ந்தவர்கள் தங்கள் மரபுப் படகுகளோடு ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நிலக்கரித் துறைமுகத்தை மறித்தார்கள். 2015 மே மாதம் அமெரிக்காவின் சியாட்டில் துறைமுகத்தில் ஷெல் நிறுவனத்தின் ஆர்க்டிக் எண்ணெய் துளைமேடையைச் சுற்றிக் கயாக்குகள் கூடின. அவை மறியல்கள், எதிரே ஒரு கப்பலோ நிறுவனமோ இருந்தது. சாலியாற்றில் நடப்பது வேறு வகை. இங்கே எதிராளி என்று யாரும் இல்லை. விழிப்புணர்வுப் பயணம் என்கிறார்கள். அதனால்தான் கேள்வி வருகிறது: எதைப் பற்றிய விழிப்பு?

ஆறு நிலம்பூரில் தொடங்கவில்லை

பயணம் தொடங்குவதுதான் நிலம்பூரில். சாலியாறு பிறப்பது நீலகிரியும் வயநாடும் சந்திக்கும் எல்லையில், இளம்பலேரி மலையில். நீளம் 169 கிலோமீட்டர். அதற்கு நீர் தரும் நிலப்பரப்பு 2,923 சதுர கிலோமீட்டர். அதில் 388 சதுர கிலோமீட்டர் தமிழ்நாட்டுக்குள் இருக்கிறது. ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு.

அந்த எட்டில் ஒரு பங்கைக் கூடலூர், பந்தலூர் வட்டத்து மக்கள் தங்கள் ஊர்ப் பெயர்களால் அறிவார்கள். கூடலூரிலும் ஓவேலியிலும் பெய்யும் மழை பாண்டியாற்றில் இறங்குகிறது. பாண்டியாறு புன்னம்புழையாகி, நாடுகாணிக்குக் கீழே கேரளத்துக்குள் நுழைந்து சாலியாற்றில் சேர்கிறது. முக்குருத்தியின் மேற்குச் சரிவுத் தண்ணீர் கரிம்புழையாகி அதே ஆற்றுக்குப் போகிறது. மலைக்கு இந்தப் பக்கம் ஆறு. அந்தப் பக்கம் புழை. தண்ணீர் ஒன்றுதான்.

இந்தச் சரிவுகளில் பணியர், குறும்பர், வயநாட்டுச் செட்டிகள், மலையாளிகள் ஆகியோரோடு, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையில் இருந்து அனுப்பப்பட்டுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்த தமிழர்களும் வாழ்கிறார்கள். தேவாலாவைத் தென்னாட்டுச் சிரபுஞ்சி என்று சொல்வது இங்கே வழக்கம். நிலம்பூர்ப் பக்கம் ஆற்றுமணலை அரித்துத் தங்கத்துகள் எடுப்பவர்கள் உண்டு. 1880களை ஒட்டித் தேவாலா, பந்தலூர் மலைகளில் ஆங்கிலேயக் கம்பெனிகள் தங்கச் சுரங்கம் தோண்டி நட்டப்பட்டதும் இதே பாறைத்தொடரில்தான். மேலே இருப்பது எதுவானாலும் கீழே போய்ச் சேரும் என்பதை இந்த ஆறு வெகுகாலமாகக் காட்டிவருகிறது. 1840களில் நிலம்பூரில் மலபார் கலெக்டர் கானலி நட்ட தேக்குத் தோட்டம் முதிர்ந்த பிறகு, மரங்கள் தெப்பமாகக் கட்டப்பட்டு இந்த ஆற்றுவழியே கல்லாயி மரச்சந்தைக்கும் உரு என்னும் மரக்கப்பல் கட்டும் பேப்பூர்த் தளங்களுக்கும் போயின. கயாக்குகள் போகும் பாதை பழைய மரப்பாதை.

கடல் சூடானால் மலையில் என்ன ஆகும்?

வானிலை என்பது இன்றைய மழை. காலநிலை என்பது ஓர் இடத்தில் மழையும் வெயிலும் வழக்கமாக நடந்துகொள்ளும் விதம். பொதுவாக 30 ஆண்டுக் கணக்கை வைத்து அதைச் சொல்வார்கள். ஒரு நாள் மழையைக் காட்டிக் காலநிலை மாறிவிட்டது என்பதும், ஒரு வருடம் மழை சரியாகப் பெய்தால் எல்லாம் பொய் என்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். சாலியாற்றைப் பொறுத்தவரை காரணகாரியத் தொடர் இப்படிப் போகிறது:

1. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. இதனால் பூமியில் தங்கிவிடும் மிகைவெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கு கடலுக்குள் போகிறது. அரபிக்கடல் வேகமாகச் சூடாகும் கடல்களில் ஒன்று.

2. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால், அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. இது பழைய இயற்பியல் விதி. இதில் சர்ச்சை இல்லை. அதாவது கடலில் இருந்து புறப்படும் மழைச்சுமையே பெரிதாகிறது.

3. மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவமழை முன்பெல்லாம் பெரும்பாலும் உயரம் குறைந்த மேகங்களில் இருந்து நாள்கணக்கில் தூறலும் சாரலுமாகப் பெய்தது. இப்போது இடிமேகம் போல உயர்ந்தெழும் மேகங்கள் பருவமழைக்கு நடுவிலேயே கூடுதலாக உருவாகின்றன என்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் எழுதினார்கள். சாரல் மேகம் தண்ணீரைத் தெளிக்கிறது. இடிமேகம் கவிழ்த்துக் கொட்டுகிறது.

4. அந்தக் காற்று நேராக வந்து மோதுவது மலையில். மேலேறும் காற்று குளிர்ந்து, தாங்கிவந்த ஈரத்தை அங்கேயே இறக்குகிறது.

இந்த நான்கில் எங்கும் 'ஆண்டு மழை கூடிவிட்டது' என்ற வரி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காலநிலை மாற்றம் என்றால் மழை அதிகமாகும், அல்லது மழையே இல்லாமல் போகும் என்று இரண்டில் ஒன்றை எதிர்பார்த்துப் பழகிவிட்டோம். ஆண்டு மொத்தம் அவ்வளவாக மாறாமல், அது வந்து சேரும் நேரம் மட்டும் மாறினாலே ஆறு வேறு ஆறாகிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர கிலோமீட்டரில் 100 மில்லிமீட்டர் மழை என்றால் 10 கோடி லிட்டர் தண்ணீர். தமிழ்நாட்டுப் பக்கத்து 388 சதுர கிலோமீட்டரிலும் அப்படிப் பெய்தால் 3,880 கோடி லிட்டர். அணைக் கணக்கில் சொன்னால் ஒன்றேகால் டி.எம்.சி.க்கும் மேல். இதே மழை பத்து நாளில் பெய்தால் சோலைக்காடும் வயலும் பெரும்பகுதியைக் குடித்துவிட்டு, கோடைவரை ஊற்றாகத் திருப்பித் தரும். ஐந்து மணி நேரத்தில் பெய்தால் மண் குடிக்க நேரம் இருக்காது. தண்ணீரும் போய்விடும், மண்ணையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

சரிவு தாங்குமா?

எல்லாவற்றையும் மழைமேல் போட்டுவிடுவது அரசுகளுக்கும் நமக்கும் வசதி. மழை ஒரு கை மட்டுமே. மலையை நாம் வைத்திருக்கும் விதம் மறு கை. புத்தூர்வயல் போல, வயல் என்று முடியும் ஊர்ப்பெயர்கள் கூடலூரைச் சுற்றி இன்றும் இருக்கின்றன. அந்தப் பள்ளத்துச் சதுப்பு நிலங்கள் மழைத்தண்ணீரைத் தேக்கிவைக்கும் பஞ்சுகளாக இருந்தவை. அவற்றில் பல வாழைத்தோட்டமாக, வீட்டுமனையாக மாறிவிட்டன. ஆழ்ந்த வேர் கொண்ட காடு போய், மண்ணை மேலாகப் பிடிக்கும் தேயிலை வந்தது. சாலைக்காகச் சரிவின் அடிவாரம் வெட்டப்பட்டது.

கேரளத்தில் இரண்டு சொற்களைத் தனித்தனியாகச் சொல்வார்கள். மண்ணிடிச்சில் என்றால் மண் சரிந்து விழுவது. உருள்பொட்டல் என்றால் பாறையும் மண்ணும் மரமும் தண்ணீரோடு குழம்பாகி, ஓடைவழியே பல கிலோமீட்டர் பாய்ந்துபோவது. தமிழ்ச் செய்திகளில் இரண்டையும் நிலச்சரிவு என்றே எழுதுகிறோம். இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. மண் சரிந்தால் சரிவுக்கு அடியில் இருப்பவருக்கு ஆபத்து. உருள் பொட்டினால் தொலைவில் ஆற்றங்கரையில் தூங்குபவருக்கும் ஆபத்து.

மூன்று ஆண்டுகளை மட்டும் நினைவுபடுத்துகிறேன். 2018இல் ஜூன் முதல் நாள் தொடங்கி ஆகஸ்ட் 19 வரை கேரளத்தில் இயல்பைவிட 42 சதவீதம் கூடுதல் மழை. நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2019 ஆகஸ்ட் 8 அன்று நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதே நாளில் நிலம்பூருக்கு அருகே கவளப்பாறையில் முத்தப்பன் குன்று இறங்கி 59 பேரும், வயநாட்டுப் புத்துமலையில் 17 பேரும் மாண்டனர். நாடுகாணிச் சுரம் பெயர்ந்து, கூடலூருக்கும் நிலம்பூருக்கும் போக்குவரத்து நின்றது. சங்கப் பாட்டில் சுரம் என்றால் தண்ணீர் இல்லாத வறண்ட வழி. இந்த எல்லையில் அதே சொல்லால் குறிக்கப்படுவது இப்படி மழையில் கரையும் மலைப்பாதை.

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் உருள்பொட்டலில் அழிந்ததை விவரிக்கத் தேவையில்லை. அந்தத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் பிளந்த மலை ஓடைவழியே எட்டுக் கிலோமீட்டர் பாய்ந்தது என்று இஸ்ரோவின் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. உடல்கள் சூச்சிப்பாறை அருவியைக் கடந்து சாலியாற்றில் இறங்கின. நிலம்பூர் வட்டத்துப் போத்துகல் பக்கம் கரையொதுங்கின. பேரிடர் நடந்தது வயநாடு மாவட்டத்தில், உடல்களைத் தேடியது மலப்புறம் மாவட்டத்திலும். மாவட்ட எல்லைகளை ஆறு எப்படிப் பார்க்கிறது என்பதற்கு இதைவிடக் கொடிய விளக்கம் கிடையாது.

உலக வானிலைக் காரணாய்வுக் குழு என்ற விஞ்ஞானிகள் கூட்டமைப்பு இந்த மழையை ஆராய்ந்தது. மனிதர் ஏற்படுத்திய வெப்பமாதல் இல்லாதிருந்தால் பெய்திருக்கக்கூடிய அளவைவிட அன்றைய மழை சுமார் 10 சதவீதம் கனமானது என்பது அதன் முடிவு. இடம் சிறியது, மலைப்பாங்கானது. எனவே கணினி மாதிரிகளுக்கு அங்கே துல்லியம் குறைவு என்பதையும் அவர்களே சொன்னார்கள். 10 சதவீதம்தானா என்று கேட்கலாம். நிறைந்த குடத்தில் ஊற்றும் கடைசிச் செம்புத் தண்ணீர் குடத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. வழிவது அதனால்தான்.

கோடையில் அதே ஆறு

2018 பெருவெள்ளம் வடிந்த சில வாரங்களிலேயே கேரளத்தின் ஆறுகளில் நீர்மட்டம் திடீரெனத் தாழ்ந்தது; பல ஊர்களில் கிணறுகள் வற்றின. வெள்ளம் வந்த ஆண்டில் எப்படி வறட்சி என்று ஆட்கள் திகைத்தார்கள். மேலே சொன்ன கணக்கை நினைத்துக்கொண்டால் திகைக்க ஒன்றுமில்லை. வேகமாக வந்த தண்ணீர் நிலத்தடிக்கு இறங்கவில்லை. ஈரத்தைப் பிடித்துவைக்கும் மேல்மண்ணும் அடித்துச்செல்லப்பட்டது. ஆற்றுப்படுகை அரிக்கப்பட்டுத் தாழ்ந்த இடங்களில் பக்கத்துக் கிணற்றுநீர் ஆற்றுக்குள் வடிந்தது.

ஆற்றின் கீழ்முனையில் இதற்கு இன்னொரு விளைவு உண்டு. கடல் அலையேற்றத்தின்போது உப்புநீர் ஆற்றுக்குள் ஏறும்; ஓரு ஏறுகிறது என்பார்கள் மலையாளத்தில். அதைத் திருப்பித் தள்ளுவது மேலிருந்து வரும் நன்னீரின் பலம். கோடையில் அந்தப் பலம் குறையும்போது ஓரு பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிடும். அதைத் தடுக்கத்தான் மாவூருக்கு அருகே ஊர்க்கடவில் கவணக்கல்லு மடைப்பாலம் கட்டப்பட்டது. கோடையில் அதன் கதவுகளை இறக்கினால் உப்பு கீழேயே நின்றுவிடும். கோழிக்கோட்டுக்குக் குடிநீர் எடுக்கும் கூளிமாட்டுப் பகுதியில் நன்னீர் நிற்கும்.

ஆனால் நின்ற நீருக்கு அதன் நோய்கள் உண்டு. ஓட்டம் இல்லாமல், வெயிலில் சூடாகி, கழிவின் சத்தும் சேர்ந்தால் பாசி பெருகும். 2018 கோடையில் சாலியாற்றில் நீலப்பச்சைப் பாசி படர்ந்தது செய்தியானது. கதவைத் திறந்தால் உப்பு, மூடினால் பாசி. மேலிருந்து வரும் கோடை நீரோட்டம் குறையக் குறைய, இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சுருங்கும். கடல்மட்டம் உயர்வது அதை மறுபக்கத்தில் இருந்து நெருக்குகிறது.

சரி, பிளாஸ்டிக்?

பிளாஸ்டிக் குப்பை வேறு சிக்கல், காலநிலை மாற்றம் வேறு சிக்கல். இரண்டையும் ஒரே பதாகையில் எழுதுவதால் வரும் குழப்பமே தேநீர்க் கடைக் கேள்விக்குக் காரணம். சாலியாற்றில் இருக்கும் பிளாஸ்டிக் முழுவதையும் நாளையே அள்ளிவிட்டாலும் அரபிக்கடலின் சூடு ஒரு இம்மியும் குறையாது. பிளாஸ்டிக் பெட்ரோலியத்தில் இருந்து வருகிறது, அதைத் தயாரிக்கும்போது கரியமில வாயு வெளியாகிறது என்பது உண்மை. ஆனால் ஆற்றில் மிதக்கும் பையைப் பிடித்துவிட்டதால் அந்த வாயு திரும்பி வராது. போகட்டும், இன்றைய கயாக்குகளில் பெரும்பாலானவை பாலிஎத்திலீனை உருக்கி வார்த்தவை. இருபது ஆண்டு உழைக்கும் பிளாஸ்டிக்கில் உட்கார்ந்து, இருபது நிமிடம் பயன்பட்ட பிளாஸ்டிக்கைப் பொறுக்குகிறார்கள். இதில் முரண் இல்லை. ஆற்றைக் காக்கும் நிகழ்ச்சிகளுக்கு ஃபிளக்ஸ் பதாகை கட்டுவதுதான் முரண். எந்த ஊரிலும் அதைப் பார்க்கலாம்.

ஆனாலும் ஆற்றோரப் பிளாஸ்டிக் ஒரு வேலையைச் செய்கிறது. வெள்ளம் வடிந்த பிறகு கரையோர மரங்களை அண்ணாந்து பார்த்தால், கிளைகளில் பாலித்தீன் பைகளும் கந்தல்களும் ஒரே மட்டத்தில் தொங்கும். தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது என்பதற்கு யாரும் பொருத்தாமலே அமைந்த அளவுகோல் அது. கயாக்கில் இருப்பவர் தலைக்கு மேலே அந்தக் கோட்டைப் பார்க்கிறார். கரையில் நிற்பவருக்கு அது வெறும் குப்பை.

துடுப்புக்காரர் வேறு எதையெல்லாம் பார்க்க முடியும் என்பதையும் சொல்லிவிடலாம்:

1. கரையிடிப்பு. வேர் அந்தரத்தில் தொங்கும் தென்னைகள், புதிதாகச் செங்குத்தாக வெட்டுப்பட்ட கரைகள். தண்ணீரில் இருந்து பார்க்கும்போதுதான் இவற்றின் முகம் தெரியும்.

2. நீரோட்டம் சாகும் இடம். மேலே ஆறே படகைத் தள்ளிக்கொண்டு போகும். மடைப்பாலத்தின் தேக்கம் தொடங்கும் இடத்தில் அது நின்றுவிடும். தோள்வலி அந்த இடத்தைச் சரியாகச் சொல்லிவிடும். நீர் எந்த அளவு நிற்கிறது, எங்கே பாசி பிடிக்கும் என்பதற்கு அதுதான் முதல் குறி.

3. மணல் போன குழிகள். ஆழமற்ற இடத்தில் துடுப்பு திடீரென அடி தட்டாமல் போகும்.

4. உப்பின் எல்லை. கடைசி நாளில் கடலேற்றம் எதிர்த்து வரும்போது நீரின் சுவையே மாறும்.

இந்தப் பயணத்தில் ஒரு குறை உண்டு. மழையின் உச்சம் ஓய்ந்து, ஆறு நிறைந்தும் அடங்கியும் இருக்கும் நல்ல பருவத்தில்தான் அது நடக்கிறது. பாதுகாப்புக்கு அதுவே சரி. ஆனால் ஆற்றின் நோய் தெரிவது ஜூலையிலும் ஏப்ரலிலும். ஜூலை வெள்ளத்தில் சாதாரணர் யாரும் இறங்கக் கூடாது. கோடஞ்சேரிப் பக்கம் சாலிப்புழையிலும் இருவஞ்சிப்புழையிலும் நடக்கும் மழைக்காலக் கயாக் போட்டிகள் தேர்ந்தவர்களுக்கானவை. ஏப்ரலில் அந்த ஆபத்து இல்லை. அதே 68 கிலோமீட்டரை ஏப்ரலில் ஒருமுறை போய், எங்கே படகைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது, எங்கே உப்பு தொடங்கியது என்று ஆண்டுதோறும் குறித்துவைத்தால், பத்து வருடத்தில் அது எந்தப் பதாகையையும்விட உறுதியான சான்றாகிவிடும்.

விழிப்புணர்வால் எதுவும் நடந்திருக்கிறதா?

இந்த ஆற்றிலேயே நடந்திருக்கிறது. 1960களில் மாவூரில் தொடங்கப்பட்ட குவாலியர் ரேயான்ஸ் மரக்கூழ் ஆலையின் கழிவு சாலியாற்றைக் கறுப்பாக்கியது. மீன்கள் செத்து மிதந்தன. வாழக்காட்டைச் சேர்ந்த கே.ஏ. ரகுமான் தலைமையில் கரையோர மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். அவர் 1999 ஜனவரியில் புற்றுநோயால் இறந்தார். அதே ஆண்டில் ஆலையின் இயக்கம் நின்றது, 2001இல் மூடப்பட்டது. வேலையிழந்த தொழிலாளர் குடும்பங்களின் துயரமும் அந்த வரலாற்றின் பகுதி.

ஆனால் அந்த வெற்றியை அப்படியே இங்கே பொருத்த முடியாது. மாவூரில் கழிவுக் குழாய் கண்ணுக்குத் தெரிந்தது. அதன் முதலாளி யாரென்று தெரிந்தது. மூடியதும் நீர் தெளியத் தொடங்கியது. காலநிலை மாற்றத்தில் குழாய்கள் உலகம் முழுவதும் இருக்கின்றன. சாலியாற்றுக் கரையில் எத்தனை கூட்டம் போட்டாலும் அவற்றை அடைக்க முடியாது. இங்கே செய்யக்கூடியது, வரும் மழையை எதிர்கொள்ள நிலத்தையும் ஆட்களையும் தயாராக வைப்பது. அதற்கு முதல் கருவி விலை மலிவானது: மழைமானி. ஒரு புனல், ஒரு குவளை, காலை எட்டரை மணிக்கு அளவைக் குறிக்க ஓர் ஆள். கல்பற்றாவில் உள்ள ஹியூம் சூழலியல் மையம் வயநாடு முழுவதும் இப்படிப்பட்ட மழைமானிகளை உள்ளூர் ஆட்களைக் கொண்டு பராமரித்துவருகிறது. 2024இல் முண்டக்கைக்கு அருகே 48 மணி நேரத்தில் 570 மில்லிமீட்டருக்கு மேல் பெய்திருந்ததை அதன் கணக்கு காட்டியது. முதல் நாளே அது எச்சரித்ததாகச் செய்திகளும் வந்தன. எச்சரிக்கை இருந்தும் அது தூங்குபவரை எழுப்பும் அளவுக்குப் போய்ச் சேரவில்லை.

கூடலூருக்கு இதில் என்ன?

கயாக் மேலேறி வர முடியாத இந்தச் சரிவுக்கு வேறொரு சர்ச்சை காத்திருக்கிறது. பாண்டியாறு–புன்னம்புழைத் திட்டம் என்பது, மேற்கே போகும் இந்த நீரில் ஒரு பகுதியைக் கிழக்கே மாயாற்றுக்குத் திருப்பி, பவானிசாகர் பாசனத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற நீண்டகாலக் கோரிக்கை. கொங்குப் பகுதி விவசாயிகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை. 2019 செப்டம்பரில் இரு மாநில முதல்வர்களும் திருவனந்தபுரத்தில் சந்தித்துப் பேசியபோது இதுவும் பேச்சில் இருந்தது.

தமிழ்நாட்டுப் பக்கம் 'கடலில் வீணாகும் நீர்' என்பார்கள். கேரளப் பக்கம் 'எங்களுக்கே போதவில்லை' என்பார்கள். ஜூலையில் பார்த்தால் முதல் வாதம் சரி. ஏப்ரலில் பார்த்தால் இரண்டாவது சரி. இரண்டு தரப்பும் ஆண்டு சராசரியை மேசைமேல் வைத்துப் பேசுவதால்தான் இந்த முரண் தீருவதில்லை. ஐந்து மணி நேரத்தில் ஒன்றேகால் டி.எம்.சி. கொட்டும் இரவையும், கவணக்கல்லுக் கதவுகள் மூடியிருக்கும் கோடையையும் கூட்டி வகுத்தால் கிடைக்கும் சராசரி எந்த நாளிலும் அந்த ஆற்றில் ஓடியதில்லை. தேவாலா மழைமானியின் ஜூலைக் கணக்கும், ஊர்க்கடவில் உப்பு ஏறிய ஏப்ரல் கணக்கும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதப்பட வேண்டும். முதல் கணக்கை எடுப்பவர்கள் தமிழில் எழுதுவார்கள், இரண்டாவதை எடுப்பவர்கள் மலையாளத்தில்.